பழைய கடையும் புதிய கடையும்: மின்சாரக் கார் சொல்லும் வியாபாரப் பாடம்



சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ராஜபாளையத்தில் உள்ள எங்கள் கடைக்கு வந்திருந்தார். சரக்குப் போட வந்தவர் சீட்டைக் கொடுத்துவிட்டுப் புறப்படாமல் உட்கார்ந்தார். மகன் பொறியியல் படித்துவிட்டு மூன்று வருடமாகக் கடையில் இருக்கிறான், மின்சார ஸ்கூட்டர் ஏஜென்சி எடுக்கலாம் என்கிறான், டெபாசிட்டும் ஷோரூம் செலவும் சேர்த்தால் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டியிருக்கும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்:

"அண்ணாச்சி, செல்போன் செய்கிறவனே இன்றைக்குக் கார் செய்கிறான். பருப்பு விற்கிற நாம் வண்டி விற்கக் கூடாதா?"

கேள்வி நியாயமானது. நம் சங்கத்தில் இதே கேள்வியோடு இருப்பவர்கள் பலர். சூப்பர் மார்க்கெட்டும் செல்போன் வழி வியாபாரமும் வந்த பிறகு, மளிகையை மட்டும் நம்பி அடுத்த தலைமுறை நிற்க முடியுமா என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. ஆகவே அன்று நண்பருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

நூடுல்ஸில் தொடங்கிய வியாபாரம்

தூரதேசத்துக்குப் போக வேண்டாம். நமக்குப் பருப்பு இறக்குமதியாகும் தூத்துக்குடியிலிருந்தே தொடங்குவோம். அங்கே சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நாட்டின் வின்பாஸ்ட் கம்பெனி சுமார் 400 ஏக்கரில் மின்சாரக் கார் தொழிற்சாலை கட்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். தொடக்கத்தில் வருடத்துக்கு 50,000 கார் செய்யும் அளவுக்கு அமைத்திருக்கிறார்கள். அடுத்த மாதமே இரண்டு கார்களுக்கு விலை அறிவித்தார்கள். சிறியதன் ஆரம்ப விலை ரூ.16.49 லட்சம், பெரியதன் ஆரம்ப விலை ரூ.20.89 லட்சம்.

இந்தக் கம்பெனியின் முதலாளி பாம் நியாட் வுவோங் எந்த வியாபாரத்தில் ஆரம்பித்தார் என்று தெரிந்தால் நமக்கு வியப்பாக இருக்கும். 1993-ல் உக்ரைன் நாட்டு கார்கிவ் நகரில் உடனடி நூடுல்ஸ் தயாரிக்கத் தொடங்கினார். "மிவினா" என்ற அந்தப் பெயர் அந்நாட்டில் வீடுதோறும் பரவியது. நம் அலமாரியில் அடுக்கும் சரக்குதான் அவருக்கும் ஆதிச் சரக்கு. 2010-ல் அந்தத் தொழிலை நெஸ்லே கம்பெனிக்கு விற்றுவிட்டார். சொந்த நாட்டில் ஓட்டல், கட்டடம், கடைகள் என்று வளர்ந்தார். 2017-ல் கார் கம்பெனி தொடங்கினார். 2018-ல் வின்ஸ்மார்ட் என்ற பெயரில் செல்போன் செய்ய ஆரம்பித்தார், பிறகு டி.வி.யும் செய்தார்.

அதன்பின் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 2021 மே மாதம் செல்போன், டி.வி. தயாரிப்பை நிறுத்திவிட்டார். ஆட்களையும் பணத்தையும் கார் பக்கம் திருப்பினார். இரண்டு புதுக்கடைகளை ஒரே நேரத்தில் தாங்க முடியாது என்று கணக்குப் பார்த்து ஒன்றுக்குப் பூட்டுப் போட்டார்.

திறந்து வைத்திருக்கும் கடையிலாவது லாபமா என்றால் அதுவும் இன்னும் இல்லை. 2024-ல் சுமார் 97,000 வாகனங்களை விற்றுக் கொடுத்த வின்பாஸ்ட், அந்த ஒரே வருடத்தில் 300 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. ஒரு காருக்கு 30,000 டாலருக்கு மேல் ஆகிறது. நம் பணத்தில் 25 லட்சம் ரூபாய். இந்த நட்டத்தைத் தாங்குவது யார்? கட்டட வியாபாரம் செய்யும் தாய்க் கம்பெனியும், தம் சொந்தச் சொத்திலிருந்து பணம் தரும் முதலாளியும்தான். பழைய கடை நிற்கும் வரை புதிய கடைக்கு விளக்கு எரியும்.

ரெட்மிக்காரர் போட்ட கணக்கு

இனி நண்பர் சொன்ன செல்போன்காரர் கதைக்கு வருவோம். ரெட்மி போன் நம் ஊர்களில் பலருடைய சட்டைப்பையில் இருக்கிறது. அதைச் செய்யும் சியோமி கம்பெனியை 2010-ல் சீனாவில் லெய் ஜுன் என்பவர் தொடங்கினார். போன், டி.வி., மின்விசிறி, சோறு வடிக்கும் குக்கர் என்று வீட்டுச் சாமான்கள் அனைத்தும் உண்டு. சாமான்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நிகர லாபம் வைப்பதில்லை என்று 2018-ல் பகிரங்கமாக அறிவித்த கம்பெனி அது. குறைந்த லாபம், நிறைந்த விற்பனை என்பது நமக்குப் பழகிய வழிதான்.

2021 மார்ச்சில் கார் செய்யப் போவதாக அறிவித்தார்கள். முதல் காரின் விலையை 2024 மார்ச் 28 அன்று சொன்னார்கள். 2,15,900 யுவான், அன்றைய மதிப்பில் சுமார் ரூ.25 லட்சம். அதே ரகத்தில் அமெரிக்க டெஸ்லா கார் சீனாவில் 2,45,900 யுவானுக்கு விற்றுக்கொண்டிருந்தது. போட்டியாளரைவிட மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் குறைவு. முதல் 24 மணி நேரத்தில் 88,898 பேர் முன்பதிவு செய்தார்கள்.

செல்போன்காரருக்கு இது எப்படிச் சாத்தியமானது? பெட்ரோல் காருக்கு உயிர் எஞ்சினும் கியர் பெட்டியும். அவற்றைச் செய்யப் பல பத்து வருடப் பழக்கம் வேண்டும். மின்சாரக் காருக்கு உயிர் பேட்டரி, மோட்டார், அவற்றை ஆட்டிவைக்கும் மின்னணுப் பலகை, மென்பொருள். பேட்டரியும் திரையும் மென்பொருளும் போன் செய்கிறவருக்குப் பழகிய சரக்கு. பேட்டரியை அவர் சொந்தமாகவும் செய்யவில்லை, பி.ஒய்.டி., சி.ஏ.டி.எல். ஆகிய சீனக் கம்பெனிகளிடம் கொள்முதல் செய்தார். பி.ஒய்.டி. தானும் கார் விற்கும் போட்டியாளர். போட்டிக் கடையிலேயே சரக்கு வாங்கி வியாபாரம் செய்வது நமக்கும் புதிதல்ல.

அந்த பி.ஒய்.டி.யும் 1995-ல் பேட்டரி செய்யும் கம்பெனியாகத் தொடங்கி, செல்போன் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்து வளர்ந்ததுதான். 2003-ல் ஒரு சிறிய கார் கம்பெனியை வாங்கி உள்ளே வந்தது. ஓட்டலுக்கு அரிசி போட்டவர் தாமே ஓட்டல் திறந்த மாதிரி.

இப்போது பேரேட்டைத் திருப்புவோம். 2024-ல் சியோமியின் கார் முதலான புதிய தொழில்கள் 620 கோடி யுவான் நட்டம் காட்டின. ரூபாயில் ஏழாயிரம் கோடிக்கு மேல். அந்த வருடம் கொடுத்த கார்கள் 1,35,000-க்குச் சற்று அதிகம். வகுத்துப் பார்த்தால் ஒரு காருக்கு ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போயிருக்கிறது. ஆனால் இந்த நட்டத்தைக் கழித்த பிறகும் கம்பெனி முழுவதற்கும் 2,720 கோடி யுவான் லாபம் நின்றது. அதாவது பழைய கடைகள் சம்பாதித்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் புதிய கடை தின்றது. 2025-ன் மூன்றாம் காலாண்டில் அந்தப் புதிய தொழில்கள் முதன்முறையாக லாபக் கணக்கில் வந்தன.

நம் நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. செல்போன்காரர் துணிச்சலால் மட்டும் இறங்கவில்லை. எவ்வளவு போனாலும் பழைய கடை ஆடாது என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்கினார்.

விற்ற பிறகுதான் வியாபாரம்

இன்னொரு பாதியும் உண்டு. போன் கெட்டுப்போனால் இரண்டு நாள் பேச்சுத் தடைப்படும். கார் கெட்டுப்போனால் உயிர் போகும். 2025 மார்ச் 29 இரவு சீனாவின் அன்ஹுய் மாகாணத்து நெடுஞ்சாலையில் சியோமி கார் ஒன்று தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. மூன்று இளம்பெண்கள் இறந்தார்கள். மோதுவதற்குச் சில விநாடிகள் முன்பு வரை, ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதி இயங்கிக்கொண்டிருந்ததாகக் கம்பெனியே தெரிவித்தது. அதன்பின் அத்தகைய வசதிகளை மிகைப்படுத்தி விளம்பரம் செய்வதற்கு அந்நாட்டு அரசு கட்டுப்பாடு விதித்தது. அதே வருடம் செப்டம்பரில் 1,16,000-க்கு மேற்பட்ட கார்களில் அந்த மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது.

பத்து வருடம் நல்ல பெயர் எடுத்த கம்பெனிக்கு, ஒரே இரவில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. பழைய கடையின் நல்ல பெயரை வைத்துத்தான் புதிய சரக்கை விற்கிறோம். புதிய சரக்கு கெட்டால் கெட்ட பெயரும் பழைய கடைக்கே வந்து சேரும்.

விலைப் போட்டியும் சாதாரணமல்ல. சீனாவில் கார் கம்பெனிகள் ஒருவரை ஒருவர் வெட்டி விலை குறைத்ததில், உதிரிபாகம் கொடுத்த சிறு வியாபாரிகளுக்குப் பணம் மாதக்கணக்கில் நின்றது. 2025 ஜூனில் முக்கியக் கார் கம்பெனிகள், சப்ளை செய்தவர்களுக்கு 60 நாளுக்குள் பணம் தருவதாக வாக்குக் கொடுக்க நேர்ந்தது. பெரியவர்கள் விலையைக் குறைத்தால் பணம் முடங்குவது சிறியவர்களுக்குத்தான்.

இறங்காமல் திரும்பியவர்கள்

திரும்பியவர்களையும் பார்க்க வேண்டும். வீடு சுத்தம் செய்யும் தூசி உறிஞ்சும் கருவிக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் டைசன் கம்பெனி, மின்சாரக் கார் செய்யப் போவதாக 2017-ல் அறிவித்தது. 2019 அக்டோபரில், கார் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் விற்றுக் கட்டுப்படியாகாது என்று சொல்லி நிறுத்திவிட்டது. அதற்குள் 50 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனியும் பத்து வருடம் முயன்றுவிட்டு 2024 பிப்ரவரியில் கைவிட்டதாகச் செய்தி வந்தது. பணத்துக்குக் குறைவில்லாத இவர்களே ஒரு கார்கூட விற்காமல் திரும்பினார்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. போனது போகட்டும் என்று நிறுத்தத் தெரிந்ததால் அவர்களுடைய பழைய கடைகள் நன்றாகவே நடக்கின்றன.

நம் ஊரிலும் வேறு தொழிலில் இறங்கி வென்றவர் உண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நூலுக்கும் சிமெண்டுக்கும் என்ன உறவு? இருந்தும் 1960-களின் தொடக்கத்தில் விருதுநகர் அருகே துலுக்கப்பட்டியில் சிமெண்ட் ஆலை எழுந்தது. சுண்ணாம்புக்கல் பக்கத்திலேயே கிடைத்தது. நூற்பாலைகள் ஏற்கெனவே உறுதியாக நின்றன. ஆகவே, தெரியாத தொழிலில் இறங்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. எதன்மேல் நின்றுகொண்டு இறங்குகிறோம் என்று பார்க்க வேண்டும் என்கிறோம்.

நாங்கள் பட்ட பாடம்

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 1995-ல் நாங்களும் டி.வி. ஏஜென்சி எடுத்தோம். கேபிள் டி.வி. பரவிய காலம் அது. மில் போனஸ் வந்தால் ஆளுக்கொரு பெட்டி வாங்கினார்கள். ஒரு கம்பெனியின் விற்பனையாளர் கடைக்கு வந்து, டெபாசிட் 50,000 ரூபாய், முதல் சரக்கு மூன்று லட்சம் என்றார். எங்கள் தகப்பனாருக்கு மனமில்லை. நாங்கள்தான் வற்புறுத்தினோம். பணம் பருப்புக் கடைக் கல்லாவிலிருந்து போனது.

முதல் தீபாவளிக்கு விற்பனை ஜோர். பெரும்பகுதி தவணைக் கடன். அடுத்த வருடம் கம்பெனி புது மாடல் கொண்டுவந்து, பழைய மாடலுக்குப் பெட்டிக்கு 1,500 ரூபாய் விலை குறைத்தது. எங்கள் கிட்டங்கியில் 22 கலர் பெட்டிகள் இருந்தன. ஒரே காலையில் 33,000 ரூபாய் போயிற்று. வித்தியாசத்தைக் கேட்டதற்கு, அப்படி ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். உண்மைதான், நாங்கள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

பெரிய நட்டம் அதுவல்ல. 1997 தை மாதம் குல்பர்காவிலிருந்து புதுத் துவரை வரத்து. விலை இறங்கியிருந்த நேரம். வருடம் முழுவதும் சம்பாதிக்க வேண்டிய கொள்முதலுக்குக் கையில் முதல் இல்லை. கிராமத்துக் கடைக்காரர்களிடம் பாக்கியை நெருக்கிக் கேட்டோம். பாக்கி வந்தது, ஆனால் அவர்களில் சிலர் அதோடு வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டும். ஒருநாள் மில் தொழிலாளி ஒருவர் ஓடாத பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து, டி.வி. கடைக்குப் போகாமல் பருப்புக் கடையில் மூட்டைமேல் இறக்கி வைத்தார். "அந்தக் கம்பெனியை எனக்குத் தெரியாது முதலாளி, உங்களைத்தான் தெரியும்" என்றார். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. அவர் கட்டிய தவணை முழுவதையும் பேரேட்டில் வரவு வைத்து, ஒரு வருடத்துக்கு அரிசி பருப்பாகக் கொடுத்துக் கழித்தார். 1998-ல் டி.வி. கடையை மூடினோம். அந்தத் தொழிலாளியின் பேரன் இன்றும் எங்களிடம்தான் சரக்கு வாங்குகிறார்.

ஐந்து கேள்விகள்

எனவே எந்தப் புதிய வியாபாரத்தில் இறங்கும் முன்பும் கீழ்க்கண்ட ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

1. தனிப் பேரேடு உண்டா? புதிய கடைக்குத் தனிக் கணக்கு, தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஒரே கல்லாவில் போட்டால் எந்தக் கடை சம்பாதிக்கிறது, எந்தக் கடை தின்கிறது என்று தெரியாது.

2. நட்டத்துக்கு எல்லை எவ்வளவு? பழைய கடையின் வருட லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு லட்சம் மிஞ்சுகிறவர் வருடத்துக்கு எண்பதாயிரம் வரைதான் போகவிடலாம். அந்தத் தொகையை முதல் நாளே எழுதி வைத்து, அதைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். சீசன் கொள்முதல் பணத்தையும் குடியிருக்கும் வீட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

3. கம்பெனி விலை குறைத்தால் இருப்புச் சரக்கின் வித்தியாசம் யாருக்கு? ஏஜென்சியை விட்டால் மீதிச் சரக்கைத் திரும்ப எடுப்பார்களா? வாய்ப்பேச்சு போதாது, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

4. விற்ற பிறகு பொறுப்பு யாருக்கு? மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறார், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் புதிது தருவார்களா, சரிசெய்து தருவார்களா? மின்சார வண்டியில் விலை அதிகமான பாகமே பேட்டரிதான். அதே கம்பெனி ஏஜென்சி வைத்திருக்கும் வேறு ஊர்க்காரர் இருவரை நேரில் பார்த்து விசாரித்துவிட்டு வருவது நல்லது.

5. கிட்டங்கி தனியா? எண்ணெய் டின்னும் வற்றல் மூட்டையும் சாக்கும் இருக்கும் இடத்தில் மின்சார வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரியில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். புதிய வகைச் சரக்கு வைத்திருப்பதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், விபத்து நேரத்தில் மளிகைச் சரக்குக்கான இழப்பீட்டுக்கே வில்லங்கம் வரலாம்.

வரப்போகும் ஆதாயத்தை எண்ணி இருக்கும் முதலை இழக்கும் காரியத்தில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்று வள்ளுவரும் "தெரிந்து செயல்வகை" அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். கடை வைத்திருந்தவர் சொன்ன மாதிரியே இருக்கிறது.

தேரடி நண்பருக்கு நாங்கள் சொன்னது இதுதான். பையனின் ஆசையைத் தடுக்க வேண்டாம். மளிகையில் மூன்று வருடம் நின்ற பிள்ளைக்கு வியாபாரம் தெரியும், வண்டி தெரியாது. முதலில் பெரிய டீலர் ஒருவரிடம் துணை ஏஜென்சியாக இரண்டு மூன்று வண்டிகள் எடுக்கட்டும். ஆறு மாதம் பழுது பார்க்கும் பட்டறையில் தானே நின்று கற்றுக்கொள்ளட்டும். ஒரு ஆடிப்பூரமும் ஒரு தீபாவளியும் போகட்டும், அதன்பின் பேரேட்டைப் பார்த்து மேலே போகலாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

நண்பர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு எங்கள் கணக்குப்பிள்ளையிடம் ஒரு தாள் வாங்கி, தம் கடையில் வருடத்துக்கு உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்று கூட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, வீட்டுச் செலவுக்கு எடுத்ததைத் தனியாக எழுதி வைக்கவில்லையே என்றார். நம்மில் பலருடைய நிலை அதுதான். மின்சார வண்டி வாங்குவதும் விற்பதும் பிறகு இருக்கட்டும், வணிகப் பெருமக்களே. இந்த வாரமே உட்கார்ந்து, நடந்துகொண்டிருக்கும் கடையின் கணக்கை முதலில் நேர் செய்து வைப்போம்.